மூன்றடி நாலங்குலம்

ஷார்ஜா, ரோலா, நாலாம் மாடி.
ஹாலின் நீளம் முப்பதடி.
டேப் பிடித்தவன் நான்,
பென்சில் கோடு போட்டவனும் நான்தான்.
ஒன்பது பேர். ஆளுக்கு
மூன்றடி நாலங்குலம்.
பிளைவுட்டின் கனம் யார் கணக்கில் என்று
ஒரு வாரம் சண்டை.

திருமேனி மட்டும் சிரித்தான்.
உதிரிபாகக் கடையில் ஸ்டோர்கீப்பர்,
என்னைவிட ஏழு வயது சின்னவன்,
டெலிவரி நோட்டின் முதுகில் ஜாதகம் கணிக்கிறவன்.
“அண்ணே, இது ராசியை அம்சமாக்கின கணக்கு.
முப்பது பாகை, ஒன்பது துண்டு,
துண்டுக்கு மூணு பாகை இருபது கலை.
அச்சா அதே அளவு.”

அவனுக்கு விழுந்தது நடுக்கட்டில்.
ஜன்னலும் இல்லை, கதவும் இல்லை.
ஸ்திர ராசிக்கு ஐந்தாம் அம்சம்தான் வர்கோத்தமம்
என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

விளக்கணைத்த பிறகு
பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.
சட்டை போட்டிருப்பது ராசி,
கழற்றி ஆணியில் மாட்டியபின் இருப்பது அம்சம்.
வேலைக்குத் தசாம்சம், பிள்ளைக்குச் சப்தாம்சம்,
அறுபதாக வெட்டினால் முன்வினை.
“இன்னும் எத்தனை வெட்டுவே?” என்பார்
எட்டாம் கட்டில் மஸ்தான் பாய்.
கடைசியில் மரத்தூள்தான் மிஞ்சும் என்பேன் நான்.

சித்திரை இருபத்துமூன்று.
பட்டுக்கோட்டையில் மகள் பிறந்தாள்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் நாலு பத்து.
நாலு இருபத்திரண்டு என்று
கற்பூரம் அணைக்காத குறையாய் நிற்கிறாள் மச்சினிச்சி.
இங்கே ஒன்றரை மணி பின்னால்:
இரண்டு நாற்பதா, இரண்டு ஐம்பத்திரண்டா?
என் போன் லாக்கரில் கிடந்தது.
பதினேழாம் தளம், நல்ல வெயில்.
அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்
இரண்டு ஷீட் அடித்திருப்பேன்.
ஓர் ஆணி வளைந்திருக்கும்.

நோட்டு தீர்ந்துபோய்
பலகையிலேயே போட்டான் திருமேனி.
கன்னி லக்னம், அதில் சந்தேகமில்லை.
பத்து என்றால் அம்சத்தில் சிம்மம்.
இருபத்திரண்டு என்றால் அங்கேயும் கன்னி,
உள்ளும் வெளியும் ஒன்று.
“எதுடா?”
“நேரம் தெரியாம வாயைத் திறக்க மாட்டேன்.”

திறக்காமலே இருந்திருக்கலாம்.
பென்சில் சூரியன்மேல் நின்றுவிட்டது.
மேஷத்தில் சூரியன், உச்சம்.
இருபத்தொரு பாகை தாண்டியதால்
அம்சத்தில் துலாம்.
நீசம்.
பன்னிரண்டு நிமிடத்துக்கெல்லாம் சூரியன் அசையாது.
“சூரியன் யாரைச் சொல்லும்?”
தெரியும் எனக்கு.
அவன் வாயால் வரட்டும் என்று கேட்டேன்.
“அப்பாவை.”

ஊரில் என் பெயர் துபாய்க்காரர்.
ஷார்ஜா என்றால் யாரும் மதிப்பதில்லை.
கும்பாபிஷேக நோட்டீஸில் என் பெயர்
தலைவருக்கு அடுத்து.
இங்கே புரண்டால் முட்டி இடிக்கும்,
இடித்தால் பக்கத்துக் கட்டில் திட்டும்.
“ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்ணே.”
சேர்த்துத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்,
பதினோரு வருஷமாக.

ஆகஸ்டில் முனிசிபாலிட்டி வந்தது.
கலாஸ், எல்லாம் எடு.
நான் அடித்த ஆணிகளை நானே பிடுங்கினேன்.
சாயங்காலத்துக்குள் முப்பதடியும் வெறும் ஹால்.
அன்று ராத்திரிதான் முதன்முதலாக
ஒருவர் தூங்குவதை ஒருவர் பார்த்தோம்.
மஸ்தான் பாய் தூக்கத்தில் கடன் கணக்குச் சொல்கிறார்.
திருமேனி, அத்தனை இடமிருந்தும்,
முழங்காலை வயிற்றோடு சேர்த்து
மூன்றடி நாலங்குலத்துக்குள்ளேயே கிடந்தான்.
இருக்கிறதா என்று பார்க்க
நான் என் கையை நீட்டினேன்.
எதிலும் படவில்லை. மடக்கிக்கொண்டேன்.

அந்தப் பலகையை மட்டும் விடவில்லை.
புது ரூமில் ரைஸ் குக்கருக்கு அடியில் இருக்கிறது,
கட்டங்கள் கீழ்ப்பக்கமாக.
மகளுக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட்டாயிற்று.
தேதிக்குக் கட்டம் உண்டு, ஊருக்கு உண்டு,
நேரத்தை யாரும் கேட்கவில்லை.
மச்சினிச்சி நேற்றுப் பேசினாள்,
யோசித்துப் பார்த்தால்
நாலு பதினெட்டாக இருக்கலாமாம்.