நான்கெல்லை

பத்தொன்பது வருஷமாக வீட்டுக் கடன் பிரிவில் இருக்கிறேன்.
வடக்கெல்லை வீதி, கிழக்கெல்லை கந்தப்பரின் வளவு,
தெற்கெல்லை ஒழுங்கை, மேற்கெல்லை மதகு
என்று பிறத்தியாரின் உறுதிகளைச் சரிபார்த்து
கையொப்பம் வைப்பவள்.
எங்களுக்கென்று ஒரு பேர்ச் நிலம் இல்லை.
ஏழாவது வாடகை வீட்டின் ஓட்டில்
குரங்கு குதித்த அன்று
தவசீலன் சொன்னார்:
ஒரு படகு விலைக்கு நிக்குது.

முப்பத்தெட்டு அடி. எண்பத்தாறாம் ஆண்டுக் கட்டு.
நோர்வேக்காரர் ஒருவர் தனியாகப் பாய் விரித்து வந்து
உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்டு
முழங்கால் ஒப்பரேசனுக்கென்று விமானம் ஏறியவர்
திரும்பவில்லை.
முகவர் றிஸ்மி திறப்பைத் தந்தார்,
பதினொரு பக்கப் பட்டியலையும்.

கடன் கோப்புப் பார்க்கிற கண்ணோடு
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.
சூரியத் தகடு நான்கு. மூன்றில் காக எச்சம்.
உப்புநீரை நன்னீராக்கும் பெட்டி:
முதல் விழுந்த கோப்பையைக் குடித்து
இளநி மாதிரி என்றார் தவசீலன். பொய்.
ஆடும் அடுப்பு. படகு சாய்ந்தாலும் உலை சாயாது.
ஒருநாளும் விரிக்காத புயல் பாய்,
மடிப்புக்குள் கடைச் சீட்டு இன்னும் இருந்தது.

ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
உயிர்காப்பு மிதவை, ஆறு பேருக்கு.
உள்ளே குடிநீர், கைவிளக்கு, தூண்டில், பிஸ்கட்,
வாந்திக்கு மாத்திரை.

தொண்ணூறில் தலைமன்னாரிலிருந்து
நாங்கள் போன வள்ளத்துக்குப் பட்டியல் எழுதினால்
அரைப் பக்கம் வராது.
பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று.
தண்ணீர் இறைக்க ஒரு பால்மாப் பேணி.
இருபத்தொரு பேர்.
விளக்கு இல்லை,
இருந்தாலும் கொளுத்தியிருக்க மாட்டோம்.
வாந்திக்கு அம்மாவின் முந்தானை.
எனக்குப் பத்து வயது. பேணி என் கையில்.

"திகதி முடிஞ்சிருக்கு" என்றேன்,
மிதவையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி.
"சோதிப்பிக்கக் கொழும்புக்கு அனுப்பவேணும்.
விலையைக் குறையுங்கோ."
றிஸ்மி தாடியைச் சொறிந்தார், குறைத்தார்.
குரல் ஏன் இப்படி என்று கேட்கவில்லை.

அடுத்த மேசை வத்சலா கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
"வாசல் எந்தப் பக்கம் பாக்குது?"
காற்றுக்கு முதுகு காட்டும் என்றேன்.
கச்சான் அடித்தால் கிழக்கு வாசல்.
வாடை பிடித்தால் தென்மேற்கு.
தலையில் அடித்துக்கொண்டு
நாலு தேசிக்காய் வாங்கித் தந்தாள்.
மூன்றைப் பிழிந்து குடித்தோம்.
ஒன்று இன்னும் பாய்மரத்தின் அடியில்.

முதல் இரவு. பழக்கதோஷம்,
கொப்பியில் எழுதினேன்.
வடக்கெல்லை: உள்துறைமுக வீதியின் விளக்குகள்.
கிழக்கெல்லை: ஒரு சிவப்பு மிதவை.
தெற்கெல்லை: கடற்படைக் கப்பல், பெயர் கேட்கவில்லை.
மேற்கெல்லை: தண்ணீர், தண்ணீர்,
பிறகு சீனக்குடா மா ஆலை.
விஸ்தீரணம்: சங்கிலி நாற்பது மீற்றர் ஆடும் மட்டும்.

இரண்டு மணிக்கு எதுவோ கீச்சிட்டது.
எழும்பி ஓடினேன்,
இருட்டில் என் கை
ஒரு பேணியைத் தேடிக்கொண்டிருந்தது.
நங்கூர எச்சரிக்கை.
"கச்சான் எழும்பியிருக்கு, வேற ஒண்டுமில்லை"
தவசீலன் பொத்தானை அமத்திவிட்டு
மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

மேலே வந்து பார்த்தேன்.
வீடு முழுதாகத் திரும்பி நின்றது.
சிவப்பு மிதவை மேற்கில்.

கொப்பியை எடுத்து
கிழக்கெல்லையை வெட்டி மேற்கில் எழுதினேன்.
உறுதியில் ஒரு சொல்லை வெட்டினால்
பக்கத்தில் சிறுகையொப்பம் இடவேண்டும்.
இட்டேன்.