நான்காவது பட்டை

மார்பர்க்கில் மழை விட்டு
லான் ஆறு பழுப்பாய்ப் போகிறது.
ஊர்ப் பெயரை ஒரு நோய்க்கு வைத்துவிட்டாலும்
ஊர் பழையபடி பால் வாங்குகிறது, பஸ் பிடிக்கிறது.
எனக்கு இங்கே மூன்றாவது குளிர்காலம்.

என் கையிலிருப்பது ஒரு வைரஸ்.
அம்மை வம்சம்தான், ஆனால் பல் போனது.
கோழிக்கருவின் செல்களில்
ஐந்நூற்றுச் சொச்சம் முறை வளர்த்ததில்
மனித உடம்பில் பெருகும் வித்தை
அதற்கு மறந்துபோயிற்று.
மறந்த இடமெல்லாம் காலி.
அங்கேதான் குடிவைக்கிறேன்:
எபோலாவின் மேற்புரதம்,
அதன் சூடான் பங்காளி,
மூன்றாவதாக இந்த ஊரின் பெயர்,
கடைசியில் லாஸா.

மூன்றும் ஒட்டிக்கொண்டன.
லாஸா மட்டும் நிற்கவில்லை.

நீல விளக்கில் ஜெல்லைப் பார்க்கிறோம், நானும் வீப்கேயும்.
ஐந்தாம் தலைமுறையில் நான்கு பட்டை.
எட்டில் நான்காவது மங்கல்.
பத்தில் மூன்றுதான்.
"இறக்கி வைத்துவிட்டது" என்கிறாள் வீப்கே,
ஏதோ தபால்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

வைரஸைக் குறை சொல்ல முடியாது.
கூலியில்லாத சுமை.
வழியில் ஓர் எழுத்தை விழுங்கி
அர்த்தத்தைக் கெடுத்து
லேசாகி நடக்கிறது.
லேசானது முந்துகிறது.
அவ்வளவுதான் கணக்கு.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
டாக்டர் ஓல்டென்டார்ஃப் பேனாவை மூடினார்:
"மூன்று போதுமே. மூன்றுக்கு நிதி இருக்கிறது."
திரையில், கெனிமா மருத்துவமனையிலிருந்து பைந்து லஹாய்.
குரல் இரண்டு நொடி பிந்தி வந்தது.
பின்னால் யாரோ வாளி நகர்த்தும் ஓசை.
"எங்கள் வார்டுக்கு வருஷா வருஷம் வருவது
உங்கள் நான்காவதுதான்.
மற்றவை செய்தித்தாளுக்கும் வரும்."
பிறகு இணைப்பு அறுந்தது,
அல்லது அவரே அணைத்தார்.

அன்றிரவு லாஸாவின் வரிசையை
எழுத்தெழுத்தாய்ப் படித்தேன்.
ஏழு ஜி சேர்ந்தாற்போல் வருமிடத்தில்
தடுக்கி விழுகிறது.
எழுத்தை மாற்றலாம், புரதம் மாறாது.
நமக்கு இதென்ன புதிதா?
தளை தட்டினால் யானையை எடுத்துவிட்டுக்
களிறு போட்டவர்கள்,
அதுவும் உதைத்தால் வேழம்.
ஏழை உடைத்தேன்.

இடத்தையும் மாற்றினேன்,
இல்லாமல் முடியாத இரண்டு மரபணுக்களின் நடுவே.
இனி சுமையைப் பிய்த்தெறிந்தால்
பக்கத்துச் சதையும் கூட வரும்.
இது கெட்டிக்காரத்தனமா, கொடுமையா?
வைரஸுக்காக யோசிக்கிற நேரமா என்று
கைகழுவப் போனேன்.

இன்று மறுபடி பத்தாம் தலைமுறை.
வீப்கே விளக்கைப் போட்டாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள்.
நான்கு.

எலிகள் பாக்கி.
நால்வர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால்
உடம்பு யார் முகத்தை நினைவில் வைக்கும்
என்ற கேள்வி பாக்கி.
ஓல்டென்டார்ஃபின் கையெழுத்தும்.

படத்தைக் கெனிமாவுக்கு அனுப்பினேன்.
பாராட்டு வரும் என்று
காப்பி ஆறும்வரை பார்த்திருந்தேன்.
வந்தது ஒரே சொல்:
"இருபதில்?"

பதினொன்றைத் தொடங்கிவிட்டோம்.