ஒரு நெடில், இரண்டு குறில்

குளிர்பெட்டி பழுது பார்ப்பவன் நான்,
கிளாய்ப்பெடா துறைமுகத்தில்.
பிளக் வைத்த எதுவும் எனக்குச் சொந்தக்காரன் என்று
அவுத்ரொனே நினைக்கிறாள்.
அதனால்தான் இரவு இரண்டரைக்கு
தேநீர் வைக்க வேண்டிய இடத்தில்
மடிக்கணினியை வைத்தாள்.
"எழுந்திருக்க மாட்டேன் என்கிறது."

பதின்மூன்று வயது அதற்கு.
ஒரு பக்கக் கீல் உடைந்து
வாத்துக்காலுக்கான அலுமினிய வளையத்தை நெளித்து
யாரோ முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
ஏழும் எட்டும் தேய்ந்து வழுக்கை.
உள்ளே, இந்த மணல்நாக்கைக் கடந்துபோன
இரண்டு லட்சம் பறவைகளின் எண்கள்.
பிரதி இருக்கிறதா என்றேன்.
"இருக்கிறது."
கொஞ்சம் கழித்து,
"ஒன்பது நாள் பழசு."
பால்டிக் கரையில் அக்டோபரின் ஒன்பது நாள் என்றால்
பாதி வானம்.

முதலில் கேட்க வேண்டியது: மின்சாரம் வருகிறதா?
அதே துளையில் மேஜைவிளக்கைச் செருகினேன், எரிந்தது.
சார்ஜரின் பச்சைப் புள்ளியும் உயிரோடுதான்.
பேட்டரியைக் கழற்றி
முப்பது எண்ணும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தேன்,
உள்ளே தேங்கியது வடியட்டும் என்று.
மறுபடி உயிர் கொடுக்க
விசிறி ஒரு பெருமூச்சு விட்டது.
பிறகு அந்தக் குரல்.

பீ... பி பி.
ஒரு நெடில், இரண்டு குறில்.

குறிப்பேட்டை இழுத்து எழுதிக்கொண்டாள் அவள்,
நேரம், காற்றின் திசை சகிதம்.
பழக்க தோஷம்.
"துணையைக் கூப்பிடுகிறதா,
இது என் எல்லை என்கிறதா?"
"நினைவு சரியில்லை என்கிறது" என்றேன்,
பாதி நிச்சயத்தோடு.

பதினான்கு திருகுகள்.
வளையத் தட்டில் போட்டு வைத்தோம்.
நினைவகப் பலகையின் தங்கப் பற்களில் கறை;
அவள் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
திரும்பச் செருகுமுன் பிடுங்கிக்கொண்டாள்.
தராசில் வைத்தாள்.
எட்டு கிராம், நான்கு புள்ளி.
"ஒரு கரெதாய்தே" என்றாள்,
"புதருக்கடியில் ஓடுமே, வாலைத் தூக்கிக்கொண்டு,
அது. சாப்பிடாத அன்றைக்கு."
இரண்டு லட்சம் பறவைகளை
நினைவில் வைக்க
ஒரு பட்டினிக் குருவியின் எடை போதுமாம்.

மூடி, அழுத்தி, காத்திருந்தோம்.
குரல் நின்றுவிட்டது.
திரை இருட்டு.
"பேசாமலிருந்தால் நல்லதா?"
செத்தாலும் பேசாது என்பதை நான் சொல்லவில்லை.

விடிந்தது. வலைக்குப் போனாள்.
ஒரு துணிப்பையோடு திரும்பினாள்: ஜீலே ஒன்று,
கறுப்புத் தலை, மஞ்சள் வயிறு,
காலில் ஏற்கெனவே வளையம், 40719.
நம்முடையதுதான். எப்போது போட்டது?
கேட்க வேண்டிய ஆள்
மேஜைமேல் மல்லாந்து கிடந்தான்.
அளந்தாள், நிறுத்தாள், "ஆ" என்றாள்,
சன்னல் துவாரத்தில் கையை நீட்டித் திறந்தாள்.
பறவையை நிறுத்தி வைக்க முடியாது,
இயந்திரத்துக்காகக் கூட.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது.
தலைவிளக்கைக் கழற்றி
திரைமேல் சாய்வாக அடித்தேன்.

கலங்கல் நீரடியில் மீன்போல
எழுத்துகள்.

இன்று என்ன தேதி என்று கேட்டுக்கொண்டிருந்தது.
விளக்குதான் செத்திருக்கிறது, அது இல்லை.
எவ்வளவு நேரமாக விழித்திருந்ததோ,
இருட்டில், அதே கேள்வியோடு.

நான் ஒளியைப் பிடித்தேன். அவள் தட்டினாள்.
வரிசையை விட்டு விலகினால் எழுத்து மறைகிறது;
"இடப்பக்கம். இன்னும். கை நடுங்குகிறது உனக்கு."
முதலில் ஒன்பது நாளைப் பிரதி எடுத்தோம்.
அதற்கே எட்டரை ஆகிவிட்டது.
பிறகு 40719.

நான்கு ஆண்டுகளுக்கு முன், இதே வலை, மூன்றாம் கம்பம்.
பெண். எடை பதினேழு புள்ளி ஆறு.
வளையம் போட்டவர்: அவள்தான்.
குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்:
கடித்தது.

அவுத்ரொனே தன் சுட்டுவிரலைப் பார்த்தாள்.
தட்டினாள்,
வழுக்கை விசைகளில் தடவித் தடவி,
இன்றைய தேதி.
எடை பதினெட்டு புள்ளி இரண்டு.
குறிப்பு:
மறுபடியும்.