ஒருத்தரும் பாக்காம இல்ல

மருதானையில், பழைய புத்தகக் கடையில்,
அட்டை கிழிந்த ஒரு கிரேக்க இலக்கணம்.
முதல் பக்கத்தில் ஏதோவொரு குருமாணவன்
ஊதா மையில் தன் பெயரை எழுதி
பிறகு வெட்டியிருந்தான்.
முந்நூறு ரூபாய். பேரம் பேசவில்லை.

புதுக்கடை நீதிமன்றத்தில் நான் உரைபெயர்ப்பாளர்.
பகல் முழுக்க அடுத்தவர் வாய்.
இரவுக்கு, யாருக்கும் வேண்டாத ஒரு பாஷை
தேவையாயிருந்தது.

அந்தப் பாஷையில் இல்லைகள் ஒரு ஜாதியல்ல.
‘ஊக்’ என்றால் வெறும் இல்லை, கைவீசி நடப்பது.
‘ஊதெய்ஸ்’ என்றால் ஆளைச் சுமந்த இல்லை:
ஒருவருமில்லை.

ஊக் எய்தென் ஊதெய்ஸ்.
பார்க்கவில்லை ஒருவருமில்லை.
பின்னது முன்னதன் தோளில் கைபோட்டுக்கொள்கிறது.
இரண்டு இல்லையும் சேர்ந்து
ஒரே கதவைத்தான் சாத்துகின்றன:
ஒருவரும் பார்க்கவில்லை.

அதே மூன்று சொல், இடம் மாற்றி:
ஊதெய்ஸ் ஊக் எய்தென்.
பின்னால் வந்த பொடி இல்லை
முன்னால் நின்ற பெரிய இல்லையின்
காலை வாரிவிடுகிறது.
பார்க்காதவர் ஒருவருமில்லை.
எல்லாரும் பார்த்தார்கள்.

பென்சிலால் கோடிட்டேன். கரண்ட் போய்விட்டது.
மெழுகுதிரி தேட எழும்பாமல்
இருட்டில் இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தேன்.

ஜிந்துப்பிட்டிச் சந்தொன்றில்
பட்டப்பகலில் ஒரு பெடியனை
வானில் ஏற்றிக்கொண்டு போன வழக்கு.
பதினொரு வருஷம். பதினான்காவது தவணை.
சாட்சி மரிஸ்டெல்லா, இடியப்பம் அவித்து விற்பவள்,
கைப்பையைக் கூண்டுக்குள்ளும் விடாமல் வைத்திருந்தாள்.

யாராவது பார்த்தார்களா, என்று சட்டத்தரணி.
“ஒருத்தரும் பாக்காம இல்ல.”

தட்டச்சுக்காரியின் விரல்கள் காத்திருந்தன.
பின்வரிசையில் இரண்டு பேர், சப்பாத்து பளபளக்க,
என்னைப் பார்த்தபடி.
நான் சொன்னேன்:
“கவுருவத் தெக்கே நே.”
ஒருவரும் பார்க்கவில்லை.

தவறி வந்ததா? தெரியவில்லை.
அதே இலக்கணத்தில் இன்னொரு விதி உண்டு.
அஞ்சுகிறேன் என்ற வினைக்குப் பின்னால்
‘மே’ என்று ஒன்று வந்து நிற்கும்.
அதுவும் இல்லைதான், ஆனால் எதையும் மறுக்காது.
அஞ்சுகிறேன், மே வருவான் என்றால்
வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறேன்.
வரக்கூடாதே என்ற மனசு மட்டும்
ஒரு சொல்லாகி நடுவில் நிற்கும்,
வருகிறவனைத் தடுக்காமல்.

தட்டச்சு ஓடத் தொடங்கிவிட்டது.

“தங்கச்சி,” என்றாள் மரிஸ்டெல்லா,
சந்தையில் மிச்சக்காசு குறைந்ததைச் சொல்லும் குரலில்,
“நான் அப்பிடிச் சொல்லேல்ல.
எனக்குச் சிங்களமும் விளங்கும்.”

எழுந்தேன். தொண்டையில் மணல்.
கனம் நீதவான் அவர்களே, ஒரு திருத்தம்.
“நொதெக்க கெனெக் நே.”
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரித்தார்:
இரண்டு இல்லை சொல்கிறாள் சாட்சி,
இதில் எந்த இல்லையை நாங்கள் எடுக்க?

இரண்டையும், என்றேன்.
அது என் வேலையில்லை. ஆனாலும் சொன்னேன்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெட்டிவிட்டுத் திருப்பி அடியுங்கள்.
பிறகு கூண்டைப் பார்த்து:
எல்லாரும் என்றால், யார் யார்?

மரிஸ்டெல்லா கைப்பையைக் கீழே வைத்தாள்.
சுண்டுவிரலை மடக்கினாள்.
முதலில் தன் பெயரைச் சொன்னாள்.