விழும் வகுப்பு

குளிர்பெட்டிக் கதவில் காந்தம் பிடித்திருக்கும் அட்டவணை
ஒரு வருடமாகத் தின்று வளர்கிறது.
திங்கள் கணிதம். செவ்வாய் மலாய்க் கட்டுரை.
புதன் லோஷினிக்குக் கீபோர்ட், ஹர்வினுக்கு நீச்சல்,
இரண்டும் ஒரே ஐந்தரை மணிக்கு
பினாங்குத் தீவின் இரண்டு ஓரங்களில்.
வெள்ளி பரதம். ஞாயிறு கோயிலில் தேவாரம்.
சனிக்கிழமைக் கட்டத்தில் மட்டும்
ஒரு சோயா சாஸ் கறை.
அதை நான் ஓய்வு என்று வாசித்து வந்தேன்.

அந்தக் கறைமேல்தான் பென்சிலால் எழுதியிருந்தாள்:
ஜூடோ.

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு தெரு தள்ளி
டயர்க் கடையின் மேல்மாடி.
முதல் மூன்று மாதம் விழுவது மட்டும்தான் பாடமாம்.
"எண்பது ரிங்கிட் கட்டியா விழணும்?
நம்ம மாடிப்படியில ஓசியிலயே விழலாமே"
என்றார் பார்த்திபன், பிறைக்கு
இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.
அவள் சிரிக்கவில்லை.
பாலத்தில் ஜாம் என்று அவரும் நிற்கவில்லை.

விழுந்தாள். பின்பக்கமாக, பக்கவாட்டில்,
தாடையை நெஞ்சில் ஒட்டி,
உள்ளங்கையால் பாயைப் பளாரென அறைந்து.
இரவு பத்து மணிக்கு மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டு
மறுபடி.
நான்காம் மாடி திருமதி லிம் குழுவில் கேட்டார்:
"யார் வீட்டில் அலமாரி விழுகிறது?"
நான் பதில் போடவில்லை.

ஆகஸ்டில் கணித வாத்தியார்
கூடுதல் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்.
கடைசியாக வந்தது முதலில் போகட்டும் என்று
அழிப்பானை எடுத்தேன்.
"டிசம்பர்ல பார்க்கலாம்மா" என்றேன்.
எந்த டிசம்பர் என்று அவள் கேட்டிருக்கலாம்.
வெள்ளைச் சட்டையை மடித்து
பரதச் சேலைக்கு அடியில் வைத்தாள்,
அவ்வளவுதான்.

புதன்கிழமை, மழை.
நீச்சல்குளத்தில் ஒருவனை இறக்கிவிட்டு
கீபோர்ட் வகுப்பு வாசலில் காரை ஏற்றி நிறுத்தி
குடையும் பையும் பாதி கடித்த ரொட்டியுமாக ஓடினேன்.
சாக்கடை மூடியில் வழுக்கினேன்.
கையை ஊன்றினேன்.

"கையை ஊன்றக் கூடாதும்மா"
என்றாள் மழையில் குனிந்து என் முகத்தருகே,
அக்கறையைவிடத் திருத்தமே அதிகமான குரலில்.
"அதுதான் முதல் பாடம்."

சின்சே கட்டுப் போட்டார், மருந்து வாடை வீடெங்கும்.
ஆலை இரண்டு வாரம் எம்.சி. தந்தது.
கியர் போட முடியாத கை,
ஓட்ட வேறு ஆளில்லாத கார்.
கணிதம் நின்றது. கட்டுரை நின்றது.
நீச்சலும் கீபோர்டும் ஒரே நாளில், சண்டையில்லாமல்.
மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுச் சன்னலில்
மஞ்சள் வெளிச்சம் விழும் என்பது
எட்டு வருடமாகத் தவணை கட்டியும் எனக்குத் தெரியாது.
ஹர்வின் ஒரு நாள் முழுக்க
எறும்பு பார்த்தான்.

நடந்து போகும் தூரத்தில் இருந்தது ஒன்றுதான்.

பாயின் ஓரம் கட்டுக் கையோடு உட்கார்ந்தேன்.
கோச் ஊய்க்கு என்னைவிட ஐந்து வயது குறைவு இருக்கும்,
காலையில் சந்தையில் மீன் வெட்டுகிறாராம்.
யாரையும் பாராட்டவில்லை.
என் மகளை ஒரு பையன் இடுப்பில் ஏற்றி எறிந்தான்.
நான் எழுந்துவிட்டேன்.
அவளோ அதற்குள் எழுந்து, வணங்கி,
சட்டையை இழுத்துவிட்டு
இன்னொரு முறை என்று நின்றாள்.

கட்டு அவிழ்ந்த பிறகு
எல்லாவற்றையும் திரும்ப எழுதவில்லை.
கணிதம் வியாழனுக்குப் போனது, வாத்தியாருக்குக் கோபம்.
கீபோர்டை அழித்தேன்;
வீட்டில் யாரும் கேட்கவில்லை.
பரதம் பற்றி இன்னும் முடிவில்லை,
சலங்கைக்குக் கொடுத்த காசு கண்முன் நிற்கிறது.

நேற்று இரவு பத்து மணி.
மெத்தை தரையில்.
"தாடை, அம்மா. தாடை."

குழுவில் திருமதி லிம்:
"மறுபடியும் அலமாரியா?"

இந்த முறை பதில் போட்டேன்:
"ஆமாம். இப்போது இரண்டு."