நான்காம் படிவம்

அவிநாசி சாலை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்
துணி வெளுக்கும் அறைக்கு அடுத்தது என் அறை.
முடிந்துபோனவர்களின் கோப்புகளுக்கு
பதினோரு வருஷமாய் நான் பொறுப்பு.

முதுநிலை இரண்டாம் வருஷம் டாக்டர் ஆதிரை
ஆய்வுக்கென்று பட்டியல் கொண்டுவந்தார்:
லூபஸ், உள்நோயாளி, ஆறு வருஷத்து இறப்பு.
ஐம்பத்துமூன்று கோப்பு. ஆண்கள் நாலே பேர்.
பாதிப்பேர் முப்பதைத் தொடவில்லை.

நான் நான்காம் படிவத்தை வாசிக்க வேண்டும்,
அவர் கட்டத்தில் தட்ட வேண்டும்.

தொற்று.
தொற்று.
சிறுநீரகம்.
நுரையீரலில் ரத்தம்.
தொற்று; பக்கத்தில் பொடி எழுத்தில், காசம்.
மாரடைப்பு. வயதை இரண்டு தடவை பார்த்தேன். இருபத்தாறு.
தொற்று.

"நோயே நேராகக் கொன்றது குறைவு, அக்கா" என்றார்.
"லூபஸ் என்றால் பழைய பாஷை ஒன்றில் ஓநாய்."
எங்க வெள்ளகோவில் பக்கம் ஓநாய் இல்லீங் டாக்டர்,
பட்டிக்குள் பாய்ந்து ஆட்டின் குரல்வளையைக் கவ்வுவது
நாய்தான், யாரோ சோறு போட்டு வளர்த்த நாய்.
தட்டுவதை நிறுத்தினார்.
"அதேதான். காவல் நாய்க்கு வெறி.
மருந்து வைத்து அதைப் படுக்கப்போடுகிறோம்.
அந்த ராத்திரி பார்த்து
மற்றதெல்லாம் வேலி தாண்டுகிறது."

படிவத்தில் மூன்று வரிதான்.
உடனடிக் காரணம். அதற்குக் காரணம். அதற்கும் காரணம்.
நாலாவது வரி கோப்பின் நடுவில் கிடக்கிறது,
நர்சின் கோணல் எழுத்தில்:
மாத்திரை நிறுத்தி நாலு மாதம், முகம் ஊதிப்போகிறதாம்,
ஆடி போனதும் பெண் பார்க்க வருகிறார்களாம்.
மிருணாளினி, பனியன் கம்பெனி, செக்கிங் பிரிவு, அனுப்பர்பாளையம்.
கட்டத்தில்: சிறுநீரகம்.

சித்தோட்டுப் பூங்கோதைக்கு
வெயிலில் போகக்கூடாது என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறது.
தொழில் என்ற இடத்தில்:
மஞ்சள் காயப்போடும் களம்.

சோமனூர் விசைத்தறி திருமலைசாமியை
மூட்டுவாதம் என்றார்கள், டைபாய்டு என்றார்கள்,
மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள்.
சீக்குக்குப் பேர் தெரிந்த ஒன்பதாம் நாள் ஆள் இல்லை.
ஆம்பளைக்கு இது எங்கே வரப்போகிறது என்று
நாலு பேர் நினைத்ததற்குக் கட்டம் கிடையாது.

ரஹமத்நிஷாவின் கோப்பில்
தாராபுரம் பஸ் டிக்கெட் ஒன்று ஒட்டிக் கிடந்தது.
மூன்றாவது கர்ப்பம்.
அதை நான் வாசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் கோப்பில் வாய் நின்றது.
அட்டையில் முத்தூர் கவிப்பிரியா, இருபத்தொன்பது.
படிவத்தில் முத்தூர் கவிப்பிரியா, இருபத்திரண்டு.
ஒரே ஊர், ஒரே பேர், ஒரே சீக்கு.
சின்னவளைப் பன்னிரண்டாவதாக வாசித்தாயிற்று.
அவள் படிவத்தின் நகலை
பெரியவளின் கோப்பில் கோத்திருக்கிறார்கள்.

புறநோயாளிப் பிரிவுக்கு இண்டர்காம் போட்டேன்.
"அந்தக்காவா? போன வியாழன்கூட வந்தாங்களே.
கோப்பு தொலைஞ்சுபோச்சுன்னு
ரெண்டு வருஷமா தற்காலிக அட்டைதானுங்."

டாக்டர் ஆதிரை ஒரு வரியை அழித்தார்.
"விழுக்காடு எல்லாம் மாறுமே, அக்கா."
மாறட்டுமுங்க.

கோப்பு அனுப்ப லிஃப்டில் கூடை இருக்கிறது.
நானே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன்.
வளைவில் நாடா அவிழ்ந்து
நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று படியில் சறுக்கியது.
எடுத்து, முந்தானையில் துடைத்து,
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியாது அதில்.
ஆனாலும் பார்த்தேன்.