ஊசி தாண்டும் இடம்

பென்கூலன் தெருக் கடையில் எட்டு வெள்ளி.
உறையில் ஒரு கடற்கரை, ஈரம் ஏறி ஊதியிருந்தது.
உள்ளே பிரேசில்காரி ஒருத்தியின் குரல்;
பின்னால் கித்தார்,
கதவைத் தட்டத் தயங்குகிறவன் விரல்போல.

போர்த்துகீசியத்தில் ஒரு சொல் தெரியாது எனக்கு.
இரவு வேலை முடிந்து பிடோக் வீட்டில்
கீழ்த்தளத்து ஆ சூன் விளக்குமாற்றுக் கட்டையால்
இடிக்காத அளவுக்கு வைத்துக் கேட்பேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில் கீறல்.
ஊசி அங்கே ஒரு எட்டுத் தாண்டும்.
அதுவும் தாளம்தான் என்று
கால் தட்டிப் பழகிப் பதினொரு வருடம்.

போன சனிக்கிழமை எஸ்பிளனேட் திறந்தவெளி, இலவசம்.
சாக்சபோனுக்கு ஒரு யுரேசியர்,
பாட ஒரு மலாய்ப் பெண்.
என் கையில் பையில் கட்டிய கோப்பி ஓ.
அதே பாட்டு.
வழக்கமான இடத்தில் என் கால் தாண்டியது.
அவள் தாண்டவில்லை.

அங்கே ஒரு வரி இருந்தது.
நாலைந்து சொல் இருக்கும்,
கடைசிச் சொல்லை அவள் பாதி மூச்சாகவே விட்டாள்.
கோப்பி மணிக்கட்டில் வழிந்தபின்தான்
பையை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டேன்.
கீறல் வந்ததும் அந்த வரியை
எனக்கு வந்த உச்சரிப்பில் நானே பாடினேன்.
ஊசி காத்திருக்கவில்லை.
நான் பாதியில் நிற்க
அவள் அடுத்த வரியில் இருந்தாள்.